வளையி ஏறும், இறங்கும்: தொற்றுநோயின் உச்சத்தை முன்கூட்டிச் சொல்வது ஏன் கடினம்?

2021 ஓகஸ்டில் டெல்டா வகைக் கொரோனா நாடெங்கும் பரவியபோது, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கைபேசி வைத்திருந்தவர்களுக்கு நோய்ச் செய்தியோடு வரைபுகளும் வந்து சேர்ந்தன. கோயில் மணியின் வெளிக்கோடு போல வழுவழுப்பான ஒரு வளையி. அதன் உச்சியில் ஒரு திகதி. அதற்கு அப்பால் ஒரே இறக்கம். திகதி வந்து போனது, உச்சம் வரவில்லை. அடுத்த கிழமை வேறொரு திகதியோடு இன்னொரு படம் வந்தது. இப்போது மாரி தொடங்கினால் டெங்குக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இதே மாதிரிப் படங்கள் சுற்றுகின்றன.

இவற்றை எல்லாம் யாரோ விளையாட்டுக்கு வரைந்தவை என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய பல்கலைக்கழகங்களும் இதே வேலையைச் செய்து, இதே மாதிரிப் பிழை விட்டிருக்கின்றன. கூட்டல் பெருக்கலில் அவர்கள் தவறவில்லை. கணக்குத் தொடங்கும்போது வைத்துக்கொண்ட எடுகோளில்தான் வில்லங்கம் இருந்தது. அந்த எடுகோள் எது, அது எங்கே உடைகிறது, உடைந்த பிறகும் வரைபால் என்ன பயன் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஒரே நோய்க்கு மூன்று வரைபு

செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஒரே நோயை மூன்று விதமாக வரையலாம்:

1. ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள். இது மேடு போல ஏறி இறங்கும்.
2. தொடக்கத்திலிருந்து இன்றுவரை மொத்தம். சாதாரண தரக் கணிதத்தில் படித்த திரள் மீடிறன் வளையியை நினைத்துக்கொள்ளுங்கள். இது ஒருபோதும் இறங்காது; நோய் அடங்கினால் மேலே போய்த் தட்டையாகும். ஆகவே “மொத்த எண்ணிக்கை இன்றும் உயர்ந்தது” என்ற தலைப்புச் செய்தியில் செய்தியே இல்லை.
3. இன்றைய நாளில் நோயோடு இருப்பவர்கள். கட்டில்களும் ஒட்சிசனும் போதுமா என்பதை முடிவு செய்வது இந்த எண்தான்.

முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள உறவைக் கிளிநொச்சிக் கமக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. மாரியில் ஒவ்வொரு நாளும் “இரணைமடுக் குளம் இப்ப எத்தனை அடி?” என்று விசாரிப்பவர்கள் அவர்கள். கனகராயன் ஆற்றால் வரும் தண்ணீர் புதிய தொற்று. துருசாலும் வான்கதவாலும் வெளியேறும் தண்ணீர், குணமடைந்தோரும் இறந்தோரும். குளத்து மட்டம் இப்போது நோயோடு இருப்பவர்கள். மழை விட்ட அன்றே மட்டம் இறங்குவதில்லை. ஆற்று வரத்துக் குறையத் தொடங்கிய பிறகும், அது வெளியேற்றத்தைவிட அதிகமாக இருக்கும்வரை குளம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதேபோல் புதிய தொற்றின் உச்சம் முதலில் வரும். வைத்தியசாலை நிரம்புவது சில நாள் கழித்து. இறப்பின் உச்சம் அதற்கும் பிறகு. “தொற்றுக் குறைகிறதாம், சாவு ஏன் கூடுகிறது?” என்ற கேள்விக்குப் பதில் இந்த இடைவெளியில் இருக்கிறது.

2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, வான்கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்று பெரிய விவாதம் நடந்தது. மட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பதா, வரத்தைப் பார்த்து முடிவெடுப்பதா என்பதே அதன் அடியில் கிடந்த கேள்வி. தொற்றுநோய்க்கும் அதே கேள்விதான்.

ஏறுவது எப்படி, இறங்குவது எப்படி

ஆயிரம் பேர் உள்ள ஒரு கிராமத்தை எண்ணிக்கொள்வோம். யாருக்கும் முன்னரே எதிர்ப்புச் சக்தி இல்லை. ஒரு நோயாளி ஒரு சுற்றில் இருவருக்கு நோயைக் கொடுப்பார். பிறகு குணமாகிவிடுவார், மறுபடி அவருக்கு வராது. இந்த ‘இருவர்’ என்பதைத்தான் பரவல் எண் என்கிறோம். தொடக்கத்தில் 10 பேருக்கு நோய்.

ஒரு சிறு திருத்தம் மட்டும் சேர்க்க வேண்டும். நோயாளி சந்திக்கும் இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே வந்து மாறியிருந்தால் அந்தச் சந்திப்பு வீண். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும், இன்னும் நோய் வராதவர்களின் விகிதத்தால் பெருக்க வேண்டும். பெருக்கிக்கொண்டு போனால் சுற்றுக்குச் சுற்று புதிய நோயாளிகள் இப்படி வருவார்கள்:

10, 20, 39, 73, 125, 183, 201, 140, 59, 18, 5, 1.

ஊரடங்கு போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை, கிருமியும் பலவீனப்படவில்லை. ஆனாலும் ஏறி இறங்கிவிட்டது. 183 பேருக்கு வந்த சுற்றின் முடிவில், நோய் வராதவர்கள் 550 பேர். ஒருவர் சராசரியாக 1.1 பேருக்குக் கொடுக்கிறார், ஆகவே இன்னும் ஏறுகிறது. அடுத்த சுற்று முடிவில் மிச்சம் 349 பேர்; இப்போது ஒருவர் 0.7 பேருக்குத்தான் கொடுக்க முடியும். நோய் வராதவர்கள் பாதிக்குக் கீழே போனதும் திருப்பம். பரவல் எண் 2 என்றால் பாதியில் திரும்பும். 4 என்றால் கால்வாசி மிஞ்சும்போதுதான் திரும்பும்.

உச்சம் தாண்டிவிட்டது என்று மூச்சு விட்டால், அதற்குப் பிறகும் 223 பேருக்கு நோய் வருகிறது. கடைசியில் ஆயிரத்தில் 874 பேர் நோய்ப்பட்டிருப்பார்கள், 126 பேர் தப்பியிருப்பார்கள்.

மக்களை நோய் தொற்றக்கூடியவர், தொற்றியவர், விலகியவர் என மூன்று கூறாக்கும் இந்த முறையை 1927இல் முழுமையாக எழுதியவர்கள் வில்லியம் கெர்மாக், அண்டர்சன் மக்கெண்ட்ரிக் என்ற இருவர். கெர்மாக் இரசாயனவியலாளர்; 1924இல் ஆய்வுகூட விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்தவர், கணக்கை மனத்திலேயே போட்டார். மக்கெண்ட்ரிக் இந்திய மருத்துவ சேவையில் இருந்த வைத்தியர். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பரவிய பிளேக் நோயின் கிழமைவாரி இறப்புகளின் மேல் அவர்கள் தங்கள் வளையியை வைத்துப் பார்த்தார்கள். கிழமைக்குச் சுமார் 890 இறப்பு என்ற உச்சத்தோடு அது அச்சில் வார்த்தது போலப் பொருந்தியது.

ஆனால் பிளேக், எலியிலும் தெள்ளிலும் தங்கி, பருவகாலத்தோடு ஏறி இறங்கும் நோய். மனிதரில் ‘நோய் வராதவர்கள் தீர்ந்துபோவது’ மட்டும் அந்த இறக்கத்தின் காரணமாக இருக்க முடியாது. வளையி பொருந்திவிட்டது என்பதற்காக அது சொல்லும் காரணமும் சரி என்று ஆகாது. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப மறக்கப்படும் விடயம் இதுதான் என்பேன்.

ஒரே மேடு, உள்ளே வேறு வேறு காரணம்

இறக்கத்துக்குக் குறைந்தது நான்கு வழி உண்டு.

1. நோய் பிடிக்கக்கூடியவர்கள் குறைதல். மேலே பார்த்தது. தடுப்பூசியும் இந்த வழிதான், நோய்ப்படாமலே.

2. மனிதர் நடமாட்டம் மாறுதல். அரசாங்கம் ஊரடங்கு போட்டுத்தான் இது நடக்க வேண்டும் என்றில்லை. அம்மை நோய் வந்தால் ‘அம்மாள் வருத்தம்’ என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகினால், அயலட்டை அந்த வீட்டுக்குள் கால் வைக்காது. தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை நோயாளியும் வெளியே வரமாட்டார். வேப்பிலைக்கு மருத்துவக் குணம் உண்டோ இல்லையோ, அது பரவல் எண்ணைக் குறைக்கும் ஒரு அறிவிப்புப் பலகை. இதன் மறுபக்கத்தை 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்க வைக்கப்பட்ட மெனிக் பாம் முகாம்களில் பார்த்தோம். இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கூடாரத்தோடு கூடாரமாக அடைத்தபோது கொப்புளிப்பானும் செங்கமாரியும் பரவின. கிருமி பழைய கிருமிதான். பரவல் எண் கிருமியின் சொந்தக் குணம் மட்டும் இல்லை, அதில் பாதி நாம் வாழும் விதம்.

3. பருவம் மாறுதல். வடக்கில் டெங்கு வடகீழ்ப் பருவமழையோடு ஏறி, டிசம்பர், ஜனவரியில் உச்சத்துக்கு வந்து, மழை விட்டு நீர் தேங்கும் இடங்கள் காய இறங்கும். எதிர்ப்புச் சக்தியால் இறங்கியது என்று யாராவது வளையி வரைந்தால், அடுத்த மாரியில் அவர் கணக்குப் பிழையாகிப்போகும்.

4. நோயை ஆள் வைத்துத் துரத்துதல். மலேரியா ஒரு காலத்தில் வன்னியின் வீட்டுக்கு வீட்டு வருத்தம். மருந்தடித்தல், நுளம்புவலை, இரத்தப் பரிசோதனை, முழுச் சிகிச்சை என்று விடாமல் செய்ததால்தான் அது போனது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. இதற்கு முன்னரும் ஒருமுறை கிட்டத்தட்ட அந்த இடத்துக்கு வந்திருந்தோம். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளிகள்தான். கண்காணிப்புத் தளர்ந்தது, 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

2021 ஓகஸ்ட் இறுதியில் நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்ட கொரோனா இறப்புகள் அறிவிக்கப்பட்டன, பிறகு இறங்கின. ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை ஊரடங்கு. அதே மாதங்களில் தடுப்பூசி வேகமாகப் போடப்பட்டது. தொற்றி மாறியவர்களும் ஏராளம். இறக்கத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை அந்த ஒற்றை வளையியைப் பார்த்துப் பிரித்தெடுக்க முடியாது. எடுத்துவிட்டேன் என்பவர் வேறு தரவும் கையில் வைத்திருக்க வேண்டும்.

காரணம் கேட்காத வளையி

இன்னொரு பாதை இருக்கிறது. நோய் ஏன் பரவுகிறது என்று கேட்காமல், எண்களின் போக்கை மட்டும் பார்த்து ஒரு வளையியைப் பொருத்துவது. கைபேசியில் வந்த படங்களில் பல இந்த வகை. இதன் மூதாதை இங்கிலாந்தின் பதிவாளர் நாயகம் பணிமனையில் இருந்த வில்லியம் ஃபார். 1837 முதல் 1839 வரையான பெரியம்மை இறப்புகளை வைத்து, ஏற்றமும் இறக்கமும் ஓர் ஒழுங்கில் நடப்பதாக 1840இல் எழுதினார். அந்த ஒழுங்குதான் புள்ளிவிபரவியலில் செவ்வன் வளையி என்று நாம் படிக்கும் மணி வடிவம்.

1866இல் அவர் அதே முறையை மாடுகளைக் கொன்றுகொண்டிருந்த கொள்ளைநோய்க்குப் பயன்படுத்தி, அது விரைவில் தணியும் என்று பத்திரிகைக்கு எழுதினார். மற்றவர்கள் பேரழிவு வரும் என்று பயந்த நேரம். நோய் தணிந்தது. ஆனால் அதே காலத்தில் நோய்ப்பட்ட மாடுகளைக் கொல்லும் சட்டமும் நடைமுறைக்கு வந்திருந்தது. ஃபாரின் கணக்கு பலித்ததா, சட்டம் வேலை செய்ததா?

முறை மிக எளிது. ஒவ்வொரு கிழமையும் எண்ணிக்கை முந்திய கிழமையின் எத்தனை மடங்கு என்று பாருங்கள். அந்த மடங்கு ஒரே வீதத்தில் சுருங்கிக்கொண்டு போகும் என்பதுதான் எடுகோள். முதல் கிழமை 100, இரண்டாம் கிழமை 200, மூன்றாம் கிழமை 320 என்று வைப்போம். மடங்கு 2ஆக இருந்து 1.6 ஆகிவிட்டது, அதாவது 0.8ஆல் பெருக்கப்பட்டிருக்கிறது. இதையே தொடர்ந்தால்:

100, 200, 320, 410, 419, 344, 225, 118, 50.

ஐந்தாம் கிழமை உச்சம், பிறகு அழகான இறக்கம். இனி மூன்றாம் கிழமை 320க்குப் பதிலாக 360 என்று வையுங்கள். மடங்கு 2இலிருந்து 1.8. சுருங்கும் வீதம் 0.9. இப்போது:

100, 200, 360, 583, 850, 1,116, 1,318, 1,401, 1,340.

உச்சம் ஐந்தாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமைக்குப் போய்விட்டது. உயரம் மூன்று மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் மூன்றாம் கிழமையில் இருந்த வித்தியாசம் 40 பேர். ஒரு பரிசோதனை இயந்திரம் இரண்டு நாள் பழுதாகிக் கிடந்தாலோ, போயா விடுமுறையில் ஒரு பணிமனை அறிக்கை அனுப்பப் பிந்தினாலோ இந்த 40 பேர் காணாமல் போவார்கள்.

சொல்ல வந்த விடயத்தின் நடுத்தண்டு இதுதான். ஏற்றத்தின் முதற்பகுதியில் கிடைக்கும் எண்கள், உச்சம் எங்கே என்பதைப் பற்றிக் கிட்டத்தட்ட எதுவும் சொல்வதில்லை. எல்லா வளையிகளும் தொடக்கத்தில் ஒரே மாதிரித்தான் ஏறும். இரணைமடுவுக்கு முதல் மூன்று நாள் வந்த தண்ணீரைப் பார்த்து, இந்த மாரியில் எந்தத் திகதி வான் பாயும் என்று பந்தயம் கட்டுவது மாதிரி. கட்டலாம், ஆனால் வயலை ஈடு வைத்துக் கட்டக்கூடாது.

உச்சம் தாண்டிச் சில கிழமைகள் கழிந்த பிறகு வளையி பிரமாதமாகப் பொருந்தும். அப்போது அது நடந்து முடிந்ததைச் சுருக்கிச் சொல்கிறது, அவ்வளவுதான்.

பெரியவர்களும் சறுக்கிய இடங்கள்

1990இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் ஃபாரின் விதியை எயிட்ஸ் நோய்க்குப் போட்டார்கள். நோய் உச்சத்தைத் தாண்டிவிட்டது, 1990களின் நடுவில் மிகக் குறைந்துவிடும், மொத்தம் இரண்டு இலட்சம் பேரளவில் நிற்கும் என்று கணக்கு வந்தது. 1995இல் அங்கு பதிவான எயிட்ஸ் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள்.

2020 மார்ச் இறுதியில் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனம் வெளியிட்ட கணிப்பு இன்னும் பெரிதாகப் பேசப்பட்டது. வெள்ளை மாளிகையே அதை எடுத்துக் காட்டியது. மொத்த இறப்புகளின் மேல் செவ்வன் பரம்பலின் திரள் வளையியைப் பொருத்தும் முறை அது. இறக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு முதலில் கிடைத்த முன்மாதிரி வூஹான் நகரம். அடுத்த நான்கு மாதங்களில் அமெரிக்காவில் சுமார் 81,000 பேர் இறப்பார்கள் என்றது. ஏப்ரலில் அதை 60,000 அளவுக்குக் குறைத்தது, அதுவும் ஓகஸ்ட் வரைக்கும் சேர்த்து. ஏப்ரல் முடியுமுன்னரே 60,000 தாண்டியது. மே மாதக் கடைசியில் ஒரு இலட்சம். அந்த நிறுவனமே மே தொடக்கத்தில் முறையை மாற்றி, பரவலின் காரணங்களையும் சேர்த்துக்கொண்டது.

கணிப்பு எங்கே பிழையானது? மணி வடிவத்துக்கு இரு பக்கமும் ஒன்று. ஏறிய வேகத்திலேயே இறங்கியாக வேண்டும் என்று அந்த வடிவமே கட்டளை போடுகிறது. உண்மையில் கொரோனா பல நாடுகளில் மரத்தில் ஏறிய குரங்கு மாதிரி ஏறி, நத்தை மாதிரி இறங்கியது. வூஹானில் வீட்டுக் கதவைப் பூட்டி இறக்கிய இறக்கம் மற்ற இடங்களில் நடக்கவில்லை. மேலே நாம் போட்ட ஆயிரம் பேர் கணக்கிலும் இறக்கம் சடுதியாக இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். அங்கே எல்லாரும் எல்லாரோடும் ஒரே அளவில் கலக்கிறார்கள், எல்லாரும் ஒரே சுற்றில் குணமாகிறார்கள். அப்படி ஒரு ஊர் கிடையாது.

போதாக்குறைக்கு, மணிக்கு ஒரே ஒரு மேடு. புதிய வகைக் கிருமி வந்தாலும், தடுப்பாற்றல் தேய்ந்தாலும், மூடிய கடைகள் திறந்தாலும் இரண்டாவது மேடு வரும். ஒற்றை மேட்டு வளையிக்கு அதைக் கற்பனை செய்யவே வழியில்லை.

எண் எங்கிருந்து வருகிறது

வளையிக்குக் கீழே உள்ள புள்ளிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. டெங்கு சந்தேகத்தில் ஒருவர் கிளிநொச்சியில் வைத்தியசாலையில் சேர்க்கப்படுகிறார் என்று வைப்போம். விடுதியில் எச் 544 என்ற அறிவித்தல் படிவம் நிரப்பப்படும். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. படிவம் நோயாளியின் ஊருக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த விலாசத்தைத் தேடிப் போவார். ஒழுங்கைக்குப் பெயரில்லாத குடியேற்றத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பதே ஒரு காலைப் பொழுது. விசாரித்து எச் 411 படிவத்தை நிரப்பித் திரும்பி வந்த பிறகுதான் அது உறுதியான எண்ணாகும். பிறகு கிழமை அறிக்கையில் சேர்ந்து கொழும்புக்குப் போகும்.

ஆகவே ஒரே நோயாளிக்குப் பல திகதி: நுளம்பு கடித்த நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், வைத்தியசாலைக்கு வந்த நாள், அறிவித்த நாள், அறிக்கையில் ஏறிய நாள். வரைபு இவற்றில் எந்தத் திகதியை வைத்து வரையப்பட்டது என்பதைப் பொறுத்து உச்சம் இரண்டு கிழமை முன்பின் நகரும். 2020இல் வடக்கின் பி.சி.ஆர். மாதிரிகள் யாழ். போதனா வைத்தியசாலையிலும் மருத்துவ பீடத்திலும் பரிசோதிக்கப்பட்டன. முல்லைத்தீவில் எடுத்த மாதிரி நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்து, வரிசையில் காத்திருந்து, முடிவாகித் திரும்ப வேண்டும். 2021இல் அறிவிக்கப்பட்ட இறப்புகளிலும் முந்திய நாட்களில் நிகழ்ந்தவை சேர்ந்தே வந்தன. “இன்று” என்று செய்தியில் வந்த எண்ணில் இன்றைய பங்கு கொஞ்சம்தான்.

பரிசோதனை கூடினால் எண்ணும் கூடும், குறைந்தால் குறையும். இதைச் சமாளிக்க ஒரு வழி, நூறு பரிசோதனையில் எத்தனை பேருக்குத் தொற்று என்று பார்ப்பது. பரிசோதனையும் குறைந்து, நூற்றுக்கு இத்தனை என்ற விகிதம் கூடியும் இருந்தால், இறங்கும் வளையியை நம்ப வேண்டாம்.

வன்னிக்கு வந்தால் இன்னொரு சிக்கல்

2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் சுமார் 92,000 பேர், கிளிநொச்சியில் சுமார் 113,000, வவுனியாவில் சுமார் 172,000. கொழும்பு மாவட்டமோ இருபது இலட்சத்துக்கு மேல். எண் சிறிதாகும்போது தற்செயலின் பங்கு பெருகும். சுருக்கமான ஒரு விதி: எதிர்பார்க்கும் எண்ணின் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கு மேலும் கீழும் சும்மாவே ஆடும். நாளுக்குச் சராசரி 9 பேர் என்றால், ஒரு நாள் 3, இன்னொரு நாள் 15 என்று வருவதில் எந்தச் செய்தியும் இல்லை. “முல்லைத்தீவில் தொற்று இரட்டிப்பு” என்ற தலைப்பு 6இலிருந்து 12 ஆனதைக் குறிக்கலாம். நாளுக்கு 900 பேர் வரும் இடத்தில் இந்த ஆட்டம் 840க்கும் 960க்கும் இடையில்தான். ஆகவே நாட்டு வளையி வழுவழுப்பாகத் தெரிகிறது.

அதோடு சிறிய மாவட்டத்தில் ஒரே ஒரு இடம் முழு வரைபையும் தூக்கிவிடும். 2021 மே மாதத்தில் புதுக்குடியிருப்பு ஆடைத் தொழிற்சாலை ஊழியர்களிடையே தொற்றுக் கண்டறியப்பட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளியவளை, முல்லைத்தீவு பொலிஸ் பிரிவுகள் தனிமைப்படுத்தப்பட்டன. இப்படியான நாட்களில் மாவட்ட வரைபில் எழும் ஊசி போன்ற கூர், பரவலின் வேகத்தைக் காட்டுவதில்லை. ஒரே இடத்தில் ஒரே நாளில் பலரைப் பரிசோதித்ததைக் காட்டுகிறது. இதற்கு மணி வடிவம் பொருத்தப் புறப்பட்டால் கணினி மறுக்காமல் ஒன்றை வரைந்து தரும். அதுதான் ஆபத்து. பம்பைமடு, கேப்பாப்பிலவு போன்ற தனிமைப்படுத்தல் நிலையங்களில் வெளிமாவட்டத்தவர் தங்க வைக்கப்பட்ட காலத்தில், அங்கே கண்டறியப்பட்ட தொற்றை எந்த மாவட்டக் கணக்கில் எழுதுவது என்பதும் சிறு விடயமில்லை.

நாட்டு வளையியை அப்படியே வன்னிக்குப் போடவும் முடியாது. அது பல ஊர் மேடுகளின் கூட்டுத்தொகை. மேல் மாகாணத்தில் இறங்கத் தொடங்கும்போது வன்னியில் ஏறிக்கொண்டிருக்கலாம்; கூட்டினால் இறக்கமாகத்தான் தெரியும். வற்றாப்பளைப் பொங்கலோ மடுத் திருவிழாவோ வரும் மாதத்தில் இங்குள்ள நடமாட்டத்துக்கும் கொழும்பு நடமாட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

அப்படியென்றால் எதற்கு வரைய வேண்டும்

உச்சத் திகதியைக் கேட்காவிட்டால் இந்த வரைபுகள் நல்ல வேலைக்காரர்கள். அடுத்த பத்து, பதினான்கு நாளுக்கு எத்தனை கட்டில், எத்தனை ஒட்சிசன் உருளை தேவைப்படும் என்று மதிப்பிட அவை போதும். அந்த நோயாளிகளில் பலருக்கு இன்றே தொற்றிவிட்டது, கணக்கில்தான் இன்னும் ஏறவில்லை. காரணங்களைச் சேர்த்துப் போடும் மாதிரிகள் “பள்ளிக்கூடம் திறந்தால் என்ன, மூடினால் என்ன” என்று இரண்டு பாதைகளை ஒப்பிட உதவும். அங்கே எண்ணைவிட இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம்.

படம் ஒன்று கைக்கு வந்தால் பார்க்க வேண்டியவை:

1. ஒற்றைக் கோடா, கணிப்பு எவ்வளவு முன்பின் போகலாம் என்று காட்டும் அகலமான நிழலும் கோட்டைச் சுற்றி இருக்கிறதா? நிழல் இல்லாத எதிர்காலக் கோட்டை அங்கேயே நிறுத்திவிடலாம்.
2. நாளாந்த எண்ணா, ஏழு நாள் நகரும் சராசரியா? ஞாயிறு குறைந்து செவ்வாய் கூடும் ஆட்டத்தைச் சராசரி அடக்கிவிடும். ஆனால் அது சில நாள் பிந்தித்தான் திரும்பும்.
3. எத்தனை நாளில் இரட்டிக்கிறது? நாளாந்த வளர்ச்சி வீதத்தால் 70ஐ வகுங்கள். நாளுக்கு 7 வீதம் என்றால் பத்து நாளில் இரட்டிப்பு. உச்சத்தைவிட இந்த எண்ணை நம்பலாம். அது நீளத் தொடங்கினால், எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தாலும் வேகம் தணிகிறது என்று அர்த்தம்.
4. கடைசிக் கம்பங்கள்.

நாலாவதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. காய்ச்சல் தொடங்கிய திகதிப்படி வரைந்த எந்த வரைபிலும் வலதுபக்கக் கடைசி இரண்டு கிழமை எப்போதும் இறக்கமாகவே தெரியும், நோய் உச்சத்தில் நிற்கும்போதுகூட. அந்த நோயாளிகளின் படிவம் இன்னும் ஒரு விடுதி மேசையில் கிடக்கிறது, அல்லது பரிசோதகரின் பைக்குள் இருக்கிறது. அடுத்த கிழமை அதே வரைபைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், அன்று இறங்கியதாகத் தெரிந்த கம்பங்கள் உயர்ந்திருக்கும். இறக்கம் இன்னும் வலப்பக்கம் தள்ளிப் போயிருக்கும். ஆகவே பெருவிரலால் கடைசி இரண்டு கிழமையை மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாருங்கள். மிச்சமும் இறங்கினால்தான் இறக்கம்.